உயிர்நூற் படிப்பும் உயிரற்ற பட்டமும்

கலாசாலைகள் திறக்கும் காலம் வந்துவிட்டது. பன்னிரண்டாம் வகுப்புத் தேறிய பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும் சான்றிதழ்க் கட்டும் கையுமாக ஊர் ஊராக அலைந்துகொண்டிருக்கின்றார்கள். நம் காரியாலயத்துக்கும் தினம் இரண்டொருவர் வந்து, "பையனை எந்தப் பாடத்தில் சேர்க்கலாம்? எதில் சேர்த்தால் உத்தியோகம் கிடைக்கும்?" என்று யோசனை கேட்கின்றார்கள். கலாசாலை வாசற்படியை மாணவனாக மிதித்தறியாத நம்மிடம் இவ்வித யோசனை கேட்பது வேடிக்கையேயாயினும், கேட்டவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியது நம் கடமையாகும். ஆகவே சர்வகலாசாலைப் படிப்புக்களில் ஒன்றாகிய உயிர்நூற் படிப்பைப் பற்றி, அதாவது உயிரியல் என்று இப்பொழுது சொல்லப்படுவதும், தாவரநூல், பிராணிநூல் என்று இரண்டாகப் பிரித்துக் கற்பிக்கப்படுவதுமான படிப்பைப் பற்றி இவ்வாரம் எழுதுகின்றோம்.

இப்படிப்புக்கு நம் நாட்டில் உள்ள மரியாதை எவ்வளவு என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. டாக்டர் படிப்புக்கு இடம் கிடைக்காத பிள்ளைகளே பெரும்பாலும் இதில் வந்து சேருகின்றார்கள். "மெடிக்கல் கிடைக்கவில்லை, அதனால் ஜுவாலஜியில் தள்ளிவிட்டேன்" என்று தகப்பன் சொல்லுகின்றான். தள்ளப்பட்ட பிள்ளையும், தான் ஏதோ தண்டனை அனுபவிப்பதாக எண்ணிக்கொண்டே மூன்று வருஷத்தைக் கழிக்கின்றான்.

இப்பிள்ளைகளுக்கு ஒரு சங்கதி சொல்லுவோம். உலகத்தின் எண்ணத்தையே புரட்டிய சார்லஸ் டார்வினும் டாக்டர் படிப்புப் படிக்க முடியாமல் விட்டவரேயாவார். 1825ல் எடின்பரோ சர்வகலாசாலையில் வைத்தியம் படிக்கச் சேர்ந்து, மயக்க மருந்தில்லாத அக்காலத்து ரண சிகிச்சையைக் கண்ணால் பார்க்கச் சகியாமல் 1827ல் அதை விட்டு விலகினார். பிறகு பாதிரியாவதற்கென்று கேம்பிரிட்ஜுக்கு அனுப்பப்பட்டு, அங்கே வேத பாடத்தைக் காட்டிலும் வண்டு பிடிப்பதில் அதிக நேரம் செலவிட்டார். வண்டு பிடித்தவரே உலகத்துக்குப் பயன்பட்டார். ஆதலால் டாக்டராகாமற் போனது ஒரு குற்றமல்ல. ஆனால் உயிர்நூல் படித்தும் உயிர்களைப் பற்றி ஒன்றும் தெரியாமற் போவது பெருங்குற்றமாகும். அப்படிப்பட்ட ஒருவரை நாம் சென்ற மாதம் நேரில் கண்டோம்.

ஒரு வழக்கு

நம் பத்திரிகையின் சந்தாதாரரும் சிறு தையற்கடை வைத்திருப்பவருமான ஒரு தோழர் தம் தங்கையின் குடும்ப விவகாரத்தை நம்மிடம் கொண்டு வந்தார். தங்கைக்கு மூன்று பிள்ளைகள், மூன்றும் பெண். மூன்றாவது பிறந்தது முதல் மாமியார் வீட்டில் சண்டை மூண்டு, கைக்குழந்தையோடு பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஏழு மாதமாகியும் அழைத்துப் போகவில்லை. "விலக்கு எழுதிக் கொடுத்துவிட்டால் வேறு பெண் பார்த்துக்கொள்ளுகின்றோம்" என்று சொல்லி அனுப்பியிருக்கின்றார்கள். முதல் மனைவி இருக்க இரண்டாவது கட்டக்கூடாதென்று 1955ம் வருஷத்துச் சட்டம் தடுக்கின்றதல்லவா? அதற்காகத்தான் இந்த விலக்கு.

தோழர் வேண்டிக்கொண்டபடி இரு தரப்பாரையும் நம் காரியாலயத்துக்கு வரவழைத்தோம். மாப்பிள்ளையும் அவர் தகப்பனாரும் வந்தார்கள். மாப்பிள்ளை ஓர் அலுவலகத்தில் குமாஸ்தா. தகப்பனார் நம்மைப் பார்த்து, "ஐயா, நாங்கள் கொடுமைக்காரர்கள் அல்ல. எனக்குப் பிறகு வீட்டுக்கு ஒரு பேர் சொல்லப் பிள்ளை வேண்டாமா? அந்தப் பெண் வயிற்றில் ஆண் தங்கவில்லை என்று ஜோசியரும் பார்த்துச் சொல்லிவிட்டார்" என்றார்.

மாப்பிள்ளை வாய் திறக்கவில்லை. நாம் அவரைப் பார்த்து, "தம்பி, நீர் எதுவரைக்கும் படித்திருக்கிறீர்?" என்றோம். "பி.எஸ்ஸி." என்றார். "என்ன பாடம்?" என்றோம். சற்றுத் தயங்கி, "ஜுவாலஜி" என்றார்.

நமக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அப்படியானால் பிறப்பது ஆணா பெண்ணா என்பது யாரைக் கொண்டு ஏற்படுகிறதென்று நீர் படித்திருப்பீரே?" என்றோம். "படித்திருக்கிறேன். பரீட்சையில் வந்த கேள்வி. படம் போட்டு எழுதினேன், நல்ல மார்க்குக் கிடைத்தது" என்றார். "அந்தப் படத்தில் என்ன இருந்தது?" என்றோம். குனிந்த தலை நிமிராமல், "தகப்பனிடமிருந்து வருவதுதான் தீர்மானிக்கிறது" என்றார். "இதை உம்முடைய தகப்பனாரிடம் சொன்னீரா?" என்றோம். "அது புஸ்தகத்தில் உள்ள சங்கதி, ஐயா. வீட்டில் பெரியவர்கள் ஒப்புக்கொள்ள வேண்டுமே!" என்றார்.

வாசகர்களே! இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இத்தலையங்கம் எழுதுகின்றோம். "அது புஸ்தகத்தில் உள்ள சங்கதி" என்று சொல்லுவதற்கா சர்க்கார் பணமும் தகப்பன் பணமும் செலவழித்து மூன்று வருஷம் சர்வகலாசாலைப் படிப்புப் படிப்பது?

அந்தச் சங்கதி எங்கிருந்து வந்தது?

அது புஸ்தகத்தில் தானாக முளைத்ததல்ல. அதைக் கண்டுபிடித்து வைத்தவர்களில் ஒருவர் ஒரு பெண். அமெரிக்காவில் வெர்மாண்ட் மாகாணத்தில் 1861ல் பிறந்த நெட்டி ஸ்டீவன்ஸ் என்னும் அந்த அம்மாள், பள்ளிக்கூடத்தில் உபாத்தியாயராகவும் புத்தகசாலையில் ஊழியராகவும் வேலை பார்த்துப் பணம் சேர்த்து, 35ம் வயதில், அதாவது நம் ஊரில் பேரப்பிள்ளையை எதிர்பார்க்கத் தொடங்கும் வயதில், 1896ல் ஸ்டான்போர்டு சர்வகலாசாலையில் மாணவியாகச் சேர்ந்தார். பிறகு பிரின் மார் என்னும் பெண்கள் கலாசாலைக்குச் சென்று 1903ல் டாக்டர் பட்டம் பெற்றார்.

அக்காலத்துப் பெரிய விஞ்ஞானிகளிலேயே பலர், தாய் தின்னும் ஆகாரத்தையும் சூட்டையும் குளிர்ச்சியையும் பொறுத்தே ஆணும் பெண்ணும் பிறப்பதாக நம்பிக்கொண்டிருந்தார்கள். இந்த அம்மாளோ நம்பிக்கையைக் கேட்காமல் பூச்சியைக் கேட்டார். மாவில் உண்டாகும் ஒருவகை வண்டை எடுத்து, அதன் உயிரணுக்களைச் சாயமேற்றிப் பூதக்கண்ணாடியில் வைத்து, அவற்றுள் இருக்கும் நூல்துண்டு போன்ற குரோமோசோம்களை எண்ணினார். பெண் வண்டில் பெரியவை 20 இருந்தன. ஆண் வண்டிலோ பெரியவை 19ம், சிறியது ஒன்றும் இருந்தன. ஆணின் விந்தணுக்களில் பாதி பெரியவை பத்தையும், மறுபாதி பெரியவை ஒன்பதோடு அந்தச் சிறியது ஒன்றையும் தாங்கி நின்றன. சிறியதைத் தாங்கிய விந்தணு கருவில் சேர்ந்தால் ஆண். மற்றது சேர்ந்தால் பெண். 1905ல் இதை வெளியிட்டார். அதே வருஷத்தில் எட்மண்ட் வில்சன் என்பவரும் தனியாக இதே முடிவுக்கு வந்தார். ஸ்டீவன்ஸ் அம்மையார் 1912ல் மார்பில் புற்றுநோய் கண்டு 50ம் வயதில் இறந்துபோனார்.

மனிதரிலும் இதே ஏற்பாடுதான். ஒவ்வொருவர் உயிரணுவிலும் 23 ஜோடி, அதாவது 46 குரோமோசோம்கள் இருக்கின்றன. அவற்றுள் ஒரு ஜோடி பெண்ணிடத்தில் எக்ஸ், எக்ஸ் என்று ஒரே மாதிரியாகவும், ஆணிடத்தில் எக்ஸ், ஒய் என்று வேறு வேறாகவும் இருக்கின்றது. தாயின் சினைமுட்டை எதுவானாலும் அதில் எக்ஸ்தான் இருக்கும். தாயிடத்தில் ஒய் என்பதே கிடையாது. இல்லாததை அவள் எங்கிருந்து கொடுப்பாள்? ஒய்யைக் கொடுக்கக்கூடியவன் தகப்பன் ஒருவனே. ஆகவே ஆண் பிள்ளை பெறாததற்காகப் பெண்டாட்டியைத் தள்ளிவைப்பது, தான் நெல்லை விதைத்துவிட்டு, கேழ்வரகு விளையவில்லையே என்று நிலத்தை உதைப்பது போன்றதாகும்.

இவ்விடத்தில் ஒன்று சொல்லவேண்டும். 46 என்ற இந்தக் கணக்கே ஒரு காலத்தில் தப்பாக இருந்தது. முப்பது வருஷத்துக்கு மேலாகப் புத்தகங்களெல்லாம் 48 என்று சொல்லிவந்தன. 1956ல் ஸ்வீடன் தேசத்து ஆராய்ச்சிசாலையொன்றில் இருவர் சரியாக எண்ணி 46 என்று காட்டினார்கள். உடனே உலகத்துப் புத்தகங்களெல்லாம் திருத்தப்பட்டன. "பெரியவர்கள் 48 என்று சொல்லியிருக்க, நேற்று வந்தவன் 46 என்று சொல்லுவதா?" என்று யாரும் கம்பெடுக்கவில்லை. மறு தடவை எண்ணிப் பார்க்கச் சம்மதிப்பவனே உயிர்நூல் மாணவன். மேற்படி மாப்பிள்ளைக்கு எண்ணிக்கை மனப்பாடம். எண்ணும் புத்திதான் வரவில்லை.

ஜோசியர் கணக்கு

நாம் இதைச் சொல்லுவது, பெண்ணின் மேலிருந்த பழியை எடுத்து ஆணின் மேல் போடுவதற்காக அல்ல. நாம் இவ்வளவும் சொன்னபோது அந்தத் தகப்பனார் எழுந்து நின்று, "அப்படியானால் குறை என் மகன் மேல் என்கிறீர்களா?" என்று கோபித்தார். அப்படியும் அல்ல, ஐயா! குறை என்று ஒன்று இருந்தாலல்லவா யார் மேலாவது போடவேண்டும்? பெண் பிறப்பது குறையுமல்ல. எந்த விந்தணு முந்திச் சேரும் என்பது தகப்பன் இஷ்டத்தில் இருப்பதுமல்ல. காசைச் சுண்டினால் தலை விழுவதும் பூ விழுவதும் போல, ஏறக்குறையச் சரிபாதி சந்தர்ப்பமேயாகும்.

மூன்று முறை சுண்டினால் மூன்றும் ஒரே பக்கம் விழுவது அதிசயமல்ல. மூன்று பிள்ளைகள் பெற்ற எட்டுக் குடும்பங்களை எடுத்துக்கொண்டால், ஏறக்குறைய ஒன்றில் மூன்றும் பெண்ணாகவும், ஒன்றில் மூன்றும் ஆணாகவும் இருக்கும். மூன்றும் ஆண் பெற்றவளுடைய வயிற்றை யாராவது குற்றம் சொல்லுகின்றார்களா?

ஜோசியரும் பரிகாரக்காரரும் இத்தனை காலம் பிழைத்துவருவதன் ரகசியமும் இதுதான். நூறு பெண்கள் அரசமரத்தைச் சுற்றினால், ஏறக்குறைய ஐம்பது பேருக்கு ஆண் பிறக்கும். சுற்றாத நூறு பேரிலும் ஏறக்குறைய ஐம்பது பேருக்கு ஆண் பிறக்கும். பிறந்த ஐம்பது பேரும் தேங்காயும் பழமும் கொண்டுவந்து, ஊரெல்லாம் புகழ் பாடுகின்றார்கள். பிறக்காத ஐம்பது பேருக்கு, "விரதத்தில் ஏதோ பிசகு நேர்ந்திருக்கிறது" என்று பதில் தயாராய் இருக்கின்றது. பாதிக்குப் பாதி தப்பாய்ப் போனாலும் நஷ்டமில்லாத வியாபாரம் இதைத் தவிர உலகத்தில் வேறு உண்டா? சர்வகலாசாலையில் இந்தக் கணக்கைப் படித்தவன், அதே ஜோசியர் வீட்டுத் திண்ணையில் ஜாதகக் கட்டோடு உட்கார்ந்திருப்பதை என்னவென்று சொல்லுவது?

படித்தவர்கள் செய்யும் கொடுமை

"படிப்பறிவில்லாத ஜனங்கள்தான் இப்படிச் செய்கின்றார்கள்" என்று சில பெரிய மனிதர்கள் சொல்லுவதுண்டு. சேலம் ஜில்லாவில் பெண் சிசுக்களைக் கொல்லும் கொடுமையைத் தடுக்க 1992ல் தொட்டில் குழந்தைத் திட்டம் ஏற்படுத்தப்பட்டபோது, பழி முழுவதும் கள்ளிப்பால் கொடுத்த பாட்டிமார்கள் மேல் விழுந்தது. அது கொடுமையே, இல்லையென்பாரில்லை. ஆனால் கருவிலேயே ஆணா பெண்ணா என்று பார்த்து, பெண்ணானால் அழிக்கின்றார்களே, அதை எந்தப் பாட்டி செய்ய முடியும்? அதற்கு யந்திரம் வேண்டும். யந்திரத்தில் தெரிவதைப் படிக்கத் தெரிந்த ஆள் வேண்டும். அந்த ஆள் உயிர்நூல் படித்தவனாகத்தானே இருக்கவேண்டும்? இதைத் தடுக்க 1994ல் இந்திய சர்க்கார் தனியாகச் சட்டம் செய்ய நேர்ந்தது. படிக்காதவனைத் திருத்தப் பள்ளிக்கூடம் கட்டலாம். படித்துவிட்டு இக்காரியம் செய்பவனுக்குச் சிறைச்சாலையல்லவா வேண்டியிருக்கிறது?

சாதிப் பித்தும் இதைச் சேர்ந்ததே. "நல்ல ரத்தம்", "எங்கள் ரத்தம்" என்று பேசுகின்றவர்களுக்கு, ரத்தத்தில் உள்ள வகைகள் இன்னவென்று 1901ல் வியன்னாவில் கார்ல் லாண்ட்ஸ்டைனர் பிரித்துக் காட்டினார். ஆபத்துக் காலத்தில் ஆஸ்பத்திரியில் அந்த வகையைத்தான் பார்க்கின்றார்கள், கோத்திரத்தைக் கேட்பதில்லை. மனிதர்களில் எந்த இருவரை எடுத்துக்கொண்டாலும், அவர்களுடைய மரபுப்பொருளின் எழுத்துக்களில் ஆயிரத்துக்கு ஏறக்குறைய 999 ஒன்றாகவே இருக்கின்றன.

ஹைதராபாத்திலுள்ள செல், மூலக்கூறு உயிரியல் மையத்தாரும் அமெரிக்க ஆராய்ச்சியாளரும் சேர்ந்து 2013ல் வெளியிட்ட ஆராய்ச்சி, இந்நாட்டு மக்கள் ஏறக்குறைய 4,200 வருஷங்களுக்கு முன்பிருந்து 1,900 வருஷங்களுக்கு முன்வரை ஒருவரோடொருவர் தாராளமாகக் கலந்திருந்தார்கள் என்றும், அதற்குப் பிறகே அவரவர் கூட்டத்துக்குள் மட்டும் மணம் செய்யும் வழக்கம் இறுகிற்று என்றும் காட்டுகின்றது. ஆகவே சுத்த ரத்தம் என்று மார்தட்டுகின்றவர் ஒவ்வொருவருடைய ரத்தத்திலும் பழைய கலப்பு மணம் இருக்கின்றது.

அப்படி இறுகியதனால் லாபமாவது உண்டா என்றால், அதுவுமில்லை. தன் கூட்டத்துக்குள்ளேயே மணந்துவந்த ஒரு வணிகச் சாதியாரில் ஒரு பரம்பரைக் குறை மற்றவர்களைவிட அதிகமாகக் காணப்படுகின்றது. ரண சிகிச்சையின்போது தசைகளைத் தளர்த்தக் கொடுக்கும் ஒரு மருந்து, மற்றவர்களுக்குச் சில நிமிஷங்களில் தெளிந்துவிடும். அக்குறையுள்ளவர்களுக்கோ மணிக்கணக்கில் மூச்சுவிடும் தசையே வேலை செய்யாமல் நின்றுவிடுகின்றது. சாதி கெடாமல் காத்தது இதைத்தான்! இதையும் நம் பிள்ளைகள் படிக்கின்றார்கள். படித்துவிட்டு, கல்யாணத்துக்கு அதே சாதியில் அதே உட்பிரிவில் பெண் தேடி விளம்பரம் கொடுக்கின்றார்கள்.

வாத்தியார்களும் சர்க்காரும்

இதற்குப் பிள்ளைகளை மட்டும் குறை கூறுவது நியாயமாகாது. ஒரு கலாசாலையில் ஆயுதபூசையன்று நாம் நேரில் பார்த்ததைச் சொல்லுகின்றோம். பிராணிநூல் ஆராய்ச்சி அறையில் பூதக்கண்ணாடிகளை வரிசையாக வைத்து, அவற்றுக்குச் சந்தனம், குங்குமம் இட்டு, பொரி கடலை படைத்துக் கற்பூரம் காட்டினார்கள். கற்பூரம் காட்டியவர் பரிணாம பாடம் நடத்தும் ஆசிரியர். பூதக்கண்ணாடி கேட்பதெல்லாம் கண்ணாடியைத் துடைத்து வை, என் வழியாகப் பார் என்பதுதான். பொரியையா அது கேட்டது? கிரகணத்தன்று கர்ப்பிணியாகிய தம் மகளை அறைக்குள் பூட்டிவைத்துவிட்டு, மறுநாள் வந்து கருவளர்ச்சி பாடம் நடத்தும் வாத்தியாரிடம் படித்த பையன், "அது புஸ்தகத்தில் உள்ள சங்கதி" என்று சொல்லாமல் வேறென்ன சொல்லுவான்?

நிற்க. மேலிருப்பவர்களின் யோக்கியதை எப்படி என்று பார்ப்போம். 2018 ஜனவரியில், இந்திய சர்க்காரின் உயர்கல்வியைக் கவனிக்கும் மந்திரி ஒருவரே, குரங்கு மனிதனானதை யாரும் கண்ணால் பார்க்கவில்லையாகையால் டார்வின் கொள்கை தப்பு என்றும், பாடத்திலிருந்து எடுக்கவேண்டுமென்றும் பேசினார். இந்நாட்டின் மூன்று விஞ்ஞானக் கழகங்களும் சேர்ந்து மறுப்பு வெளியிட நேர்ந்தது. மந்திரியின் கொள்ளுப்பாட்டனின் பாட்டனையும் இன்று இருப்பவர் யாரும் பார்த்ததில்லை. அதனால் அப்படி ஒருவர் இருக்கவில்லையென்று ஆகிவிடுமா? மேலும் இன்றிருக்கும் குரங்கு மனிதனாயிற்று என்று டார்வின் சொல்லவேயில்லை. இரண்டுக்கும் பொதுவான முன்னோர் உண்டு என்பதே அவர் சொன்னது.

பிறகு 2023ல், மத்தியக் கல்வி ஆராய்ச்சிக் கவுன்சிலார் பத்தாம் வகுப்பு விஞ்ஞானப் புத்தகத்திலிருந்து பரிணாமப் பகுதியை எடுத்துவிட்டார்கள். 1,800க்கு மேற்பட்ட விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் கையெழுத்திட்டு ஆட்சேபித்தார்கள். "பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல் எடுத்துப் படிப்பவர்களுக்கு அது இருக்கிறதே" என்று சமாதானம் சொல்லப்பட்டது. இந்தச் சமாதானத்தைத்தான் வாசகர்கள் கவனிக்கவேண்டும். பத்தோடு படிப்பை நிறுத்தும் ஏழைப் பிள்ளையும், கணக்கோ வியாபாரமோ படிக்கப் போகும் பிள்ளையும், மனிதன் எப்படி உண்டானான் என்பதை அறியவேண்டியதில்லையாம். அறிவை ஒரு சிலருக்கு மட்டும் வைத்து, மற்றவர் காதில் விழாமல் பார்த்துக்கொள்ளுவது இந்நாட்டுக்குப் புதிய ஏற்பாடல்ல. இதனால் உயிர்நூல் மாணவனுக்குப் பொறுப்பு இரட்டிப்பாகின்றது. மற்றவர்களுக்கு மறைக்கப்பட்டது அவனுக்குக் கொடுக்கப்பட்டிருக்கின்றது. அவனும் அதைப் பரீட்சைத் தாளோடு விட்டுவிட்டால், அந்த அறிவு ஊருக்கு எந்த வழியாகத்தான் வரும்?

செய்யவேண்டியது என்ன?

நம்மிடம் யோசனை கேட்ட பெற்றோர்களுக்குச் சொல்லுகின்றோம்: பிள்ளை விரும்பினால் தாராளமாக உயிர்நூலில் சேருங்கள், பெண்ணாயிருந்தால் தயங்காமல் சேருங்கள். தலைச்சேரியில் 1897ல் பிறந்து, சென்னையில் படித்து, 1931ல் அமெரிக்காவில் மிச்சிகன் சர்வகலாசாலையில் டாக்டர் பட்டம் பெற்ற ஜானகி அம்மாள், கோயமுத்தூர்க் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் கரும்பின் குரோமோசோம்களை ஆராய்ந்தார். பயிரிடப்படும் செடிகளின் குரோமோசோம் கணக்கைத் திரட்டி டார்லிங்டன் என்னும் ஆங்கிலேய விஞ்ஞானியோடு சேர்ந்து 1945ல் பெரும் புத்தகம் வெளியிட்டார். கலியாணம் செய்துகொள்ளாமல், 1984ல் இறக்கும் வரையில் ஆராய்ச்சியிலேயே இருந்தார். இப்படிப்பட்ட பெண்ணைப் பெற்ற வீட்டுக்குப் பேர் சொல்ல வேறு பிள்ளை வேண்டுமா?

மாணவர்களுக்குச் சொல்லுகின்றோம்: வகுப்பில் கேட்டதை அன்றிரவே வீட்டில் தாயிடம் தமிழில் சொல்லிப் பாருங்கள். தாய்க்கு விளங்கும்படி சொல்ல வராவிட்டால், உங்களுக்கும் விளங்கவில்லை என்று அறிந்து, மறுநாள் வாத்தியாரைக் கேளுங்கள். கோபித்தாலும் கேளுங்கள்.

நம் சங்கங்களுக்குச் சொல்லுகின்றோம்: ஆண்டுவிழாவுக்குத் தோரணத்தில் செலவிடும் பணத்தில் ஒரு பூதக்கண்ணாடி வாங்கி வையுங்கள். மாதம் ஒருநாள் மாலையில், அவ்வூரில் உயிர்நூல் படிக்கும் பிள்ளையைக் கொண்டு, ஊர்க் குளத்துத் தண்ணீரில் ஒரு துளியை எடுத்து எல்லோரும் பார்க்கும்படி காட்டச் செய்யுங்கள். தீர்த்தம் என்று உள்ளங்கையில் வாங்கிக் குடிப்பதில் என்னென்ன நீந்துகின்றன என்று ஒருமுறை பார்த்தவர்களுக்கு, நாம் பத்துப் பிரசங்கம் செய்யவேண்டியதில்லை. நுண்ணுயிர்களை 1670களில் முதல் முதல் பார்த்து எழுதிய லீவன்ஹூக் என்பவர் சர்வகலாசாலைப் பட்டதாரியல்ல. ஹாலந்து தேசத்தில் துணிக்கடை வைத்திருந்தவர். துணிக்கடைக்காரர் பார்க்கலாமானால் நம்மூர்த் தையற்காரரும் கொத்தனாரும் உழவரும் ஏன் பார்க்கக்கூடாது?

முடிவாக, மேலே சொன்ன வழக்கின் கதி என்னவென்று வாசகர்கள் கேட்கலாம். தகப்பனார் கோபித்துக்கொண்டு போய்விட்டார். மகனும் பின்னாலேயே எழுந்து போனார். இதை எழுதும் நாள் வரையில் அந்த அம்மாள் தமையன் வீட்டிலேயே இருந்துவருகின்றார். தமையனிடம் சொல்லி, பள்ளிக்கூடத்துப் பையன் ஒருவனுடைய பாடப் புத்தகத்தை வாங்கி, நாம் சொன்ன பகுதியை இரண்டு முறை படித்தாராம். தாம் பத்தாம் வகுப்போடு நின்றவராயினும், படத்தில் கோடு எங்கிருந்து எங்கே போகின்றதென்று விரலை வைத்துப் பார்த்துத் தெரிந்துகொண்டாராம். பிறகு புத்தகத்தை மூடி வைத்துவிட்டுத் தமையனைப் பார்த்து, "அண்ணா, இது அவருக்கு முன்னாலேயே தெரியுமா?" என்று கேட்டாராம்.

"தெரியும், அம்மா" என்று சொல்லத் தமக்கு நா எழவில்லை என்று அத்தோழர் நம்மிடம் சொன்னார்.

உயிர்நூல் படித்தவர்களே, படிக்கின்றவர்களே, இவ்வருஷம் படிக்கப் போகின்றவர்களே! அந்த அம்மாளின் கேள்வி உங்களைப் பார்த்துக் கேட்கப்பட்டது. சர்வகலாசாலைக் கேள்வித்தாளில் அது வராது. அதற்கு மார்க்கும் கிடையாது. ஆனால் நீங்கள் வாங்கிய பட்டம் உயிருள்ளதா, உயிரற்றதா என்பது அதற்கு நீங்கள் சொல்லும் பதிலில்தான் இருக்கின்றது.